யாழ்ப்பாணத்து மிஷன் வைத்தியமும் கிறிஸ்தவ இரக்கமும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், கிறிஸ்தவர் பிறர்மீது காட்டவேண்டிய இரக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். பிரசங்கம் செய்யும் தகுதி எமக்கில்லை. அதற்கென்று இம்மலரில் ஆயரின் ஆசிச்செய்தியும் போதகரின் கட்டுரையும் இருக்கும். நாம் வைத்தியத் தொழில் பார்ப்பவர்கள். ஆகவே, யாழ்ப்பாணத்திலே அந்த இரக்கம் ஒரு காலத்தில் எந்த உருவத்தில் வந்தது, யார் அதைச் செய்தார்கள், அதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்ற வரலாற்றை எமக்குத் தெரிந்த அளவில் எழுதலாம் என்று எண்ணினோம்.

நல்ல சமாரியன் உவமையை எம் பாடசாலையில் படித்த எவரும் மறந்திருக்க முடியாது. ஒளிவிழாவுக்கு வேறு நாடகம் அகப்படாத ஆண்டுகளில் அதுதான் மேடையேறும். கழுதையாக நடிக்கத்தான் போட்டி அதிகம். வசனம் பாடமாக்கத் தேவையில்லை. சைவப்பிள்ளைகளும் நாமும் சேர்ந்து நடித்த நாடகம் அது. பின்னாளில் வைத்தியக் கண்ணோடு அந்த உவமையை வாசிக்கும்போது ஒரு விடயம் துலக்கமாகத் தெரிந்தது. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு சமாரியன் மனதுருகியது ஒரேயொரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு வருவதெல்லாம் வேலை. காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்க்கிறான், கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரிக்கிறான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, மேலதிகச் செலவு வந்தால் திரும்பி வரும்போது தருவதாகப் பொறுப்பேற்கிறான். முதலுதவி, இடமாற்றம், விடுதிப் பராமரிப்பு, செலவு, மீள்பார்வை என்று இன்றைக்கு வாட்டிலே நாம் செய்யும் ஒழுங்கும் ஏறக்குறைய இதுதான். அடிபட்டவன் எந்த ஊர், என்ன சமயம் என்ற கேள்வி ஓரிடத்திலும் எழவில்லை.

மனதுருகுதல் என்று தமிழ் வேதாகமம் சொல்லும் அந்த இடத்தில் மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள சொல் குடல், ஈரல் முதலிய உள்ளுறுப்புக்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. "பெத்த வயிறு பத்தி எரியுது" என்று எங்கள் தாய்மார் சொல்வதற்கு மிகக் கிட்டிய சொல். இரக்கம் வயிற்றிலே தொடங்குகிறது என்பதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் வயிற்றிலேயே நின்றுவிட்டால் அதனால் நோயாளிக்கு ஒரு பயனும் இல்லை.

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களுடைய முதல் வைத்தியர் ஜோன் ஸ்கடர். நியூயோர்க்கில் நல்ல வருமானத்தோடு தொழில் செய்தவர், நோய் பார்க்கப் போன வீடொன்றில் அகப்பட்ட சிறு பிரசுரத்தை வாசித்து மனம் மாறிக் கப்பலேறினார் என்பது அவருடைய வரலாற்றில் எப்போதும் சொல்லப்படும் செய்தி. 1820 இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கி, 1836 இல் சென்னைக்குப் போகும்வரை இங்கே இருந்தார். அவருடைய குடும்பத்தைப் பற்றிப் பின்னால் ஓரிடத்தில் திரும்பவும் சொல்லவேண்டியிருக்கிறது. இப்போது மானிப்பாய்க்கு வருவோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில், பிள்ளைகள் நிறைந்த ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தமையனார் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க் நகரின் மத்திய பூங்கா உருவாகக் காரணராயிருந்தவர்களில் ஒருவர். அந்த நகரத்தில் இன்றும் பேர் சொல்லப்படுபவர். தம்பியார் நியூயோர்க்கில் வைத்தியம் படித்து முடித்து, 1847 ஒக்டோபரில், இருபத்தைந்தாவது வயதில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சிறிது காலம் வட்டுக்கோட்டையில் இருந்துவிட்டு, 1848 இல் மானிப்பாயைத் தன் இடமாக்கிக்கொண்டார். 1857 வரை ஒருமுறை, இடையில் நாடு திரும்பித் திருமணம் முடித்துக்கொண்டு வந்து 1862 முதல் 1873 வரை இன்னொருமுறை என இரு தடவையும் சேர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் தொழில் பார்த்தார்.

வாந்திபேதியும் அம்மையும் அடுத்தடுத்து வந்த காலம் அது. நோயாளிகள் மாட்டுவண்டியிலும் தோளிலுமாகக் கொண்டுவரப்பட்டார்கள். ஒரு வைத்தியர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அங்கேதான் கிறீன் மற்றவர்களிலிருந்து வேறுபடுகிறார் என்பது எமது எண்ணம். வந்த அடுத்த ஆண்டிலேயே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பிலே வைத்தியப் பாடசாலை 1870 இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் உடற்கூறும் சத்திரசிகிச்சையும் படிப்பிக்கப்பட்டன. போகும்வரை அவர் உருவாக்கிய வைத்தியர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

முதலில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்திலேயே படிப்பித்தார். படித்து முடித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடித் தூர இடங்களுக்குப் போய்விட்டார்கள். இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. குடும்பம் பார்க்கவேண்டிய பிள்ளைகள். ஆனால் கிராமத்து நோயாளியின் நிலை பழையபடியே இருந்தது. 1860களில் கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார். இனி வைத்தியக் கல்வி தமிழிலேயே நடக்கும். தமிழில் படித்தவன் தமிழர் நடுவிலேயே இருந்து தொழில் செய்வான். அவருடைய மாணவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இவ்வாறு முழுக்க முழுக்கத் தமிழில் படித்து வைத்தியரானவர்கள். மாணவர் காற்சட்டையும் கோட்டும் போடுவதைக்கூட அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவனாவது வேறு, வெள்ளைக்காரனாவது வேறு என்பதில் உறுதியாக இருந்தார். அக்காலத்து மிஷனரிமாரில் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு. இக்காலத்திலும் எமக்குள் அது முழுமையாகத் தெளிந்துவிட்டதாகச் சொல்லமுடியாது.

தமிழில் படிப்பிப்பதென்றால் நூல் வேண்டும். நூல் வேண்டுமென்றால் சொல் வேண்டும். முதல் நூல் 1852 இல் வந்தது. அதன் பெயர் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும். அங்காதிபாதம் என்றது உடற்கூற்றியல், சுகரணம் என்றது உடற்றொழிலியல். 1857 இல் பிரசவ வைத்தியம், 1867 இல் சத்திரசிகிச்சை பற்றிய இரண வைத்தியம், 1872 இல் கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில், அதே ஆண்டில் வைத்தியாகரம் என்று தொடர்ந்தன. எல்லாமாக நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். சொல்லாக்கத்திலும் ஒரு முறை வைத்திருந்தார். மக்கள் வழக்கில் ஏற்கெனவே சொல் இருந்தால் அதையே எடுப்பது, இல்லாவிட்டால் வடமொழியில் தேடுவது, அதிலும் கிடையாதபோது மட்டும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்றபடி எழுதுவது. இரசாயன நூலுக்கு அவர் வைத்த பெயர் கெமிஸ்தம்! அந்த நூல் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. அதாவது, உடல்நலம் கெட்டு வூஸ்டருக்குத் திரும்பிப் போன பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்த தன் பழைய மாணவர்களோடு கடல் தாண்டிக் கடிதப் போக்குவரத்து நடத்தி, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து தமிழ்ப் பிரதிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884 இல் காலமாகும்வரை அந்த வேலை ஓயவில்லை. தமிழருக்கான வைத்திய ஊழியன் என்று தன் கல்லறையில் எழுதவேண்டும் என்பது அவருடைய விருப்பம். வூஸ்டரில் உள்ள கல்லில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

கிறீனின் இரக்கம் என்று நாம் காண்பது அவர் எத்தனை கட்டியை அறுத்தார், எத்தனை பேதிக்காரரைக் காப்பாற்றினார் என்பதிலல்ல. அதை நல்ல வைத்தியர் எவரும் செய்வார். நோயாளி தன் நோவை எந்த மொழியில் சொல்கிறானோ அந்த மொழிக்குத் தான் போகவேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். தான் இல்லாத நாளில் அந்த நோயாளியை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே கவலைப்பட்டார். சமாரியன் சத்திரக்காரனைக் கண்டுபிடித்தது போலத்தான் இதுவும்.

இத்தோடு நிறுத்திவிட்டால் கட்டுரை புகழுரையாகிவிடும். கசப்பான பக்கம் ஒன்று இருக்கிறது. மிஷன் வைத்தியசாலையில் மருந்துக்குக் காத்திருந்தவர்களுக்கு வேதம் வாசிக்கப்பட்டது, செபம் பண்ணப்பட்டது. பாடசாலையில் படிப்பும் சாப்பாடும் கிடைத்தன. அவற்றோடு ஞானஸ்நானமும் எதிர்பார்க்கப்பட்டது. உத்தியோகத்துக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் சும்மா எழவில்லை. நோயும் பசியும் உள்ளவனிடம் எதையாவது எதிர்பார்த்துக் கொடுப்பது இரக்கமாகுமா?

இந்தக் கேள்வியை அக்காலத்திலேயே உரக்கக் கேட்டவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். கிறீன் பிறந்த அதே 1822 இல் பிறந்தவர். கிறீன் மானிப்பாய்க்கு வந்த அதே 1848 இல், அங்கிருந்து சில மைல் தூரத்தில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். மிஷன் பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவர் என்பதால் அவருடைய கண்டனங்களில் உள்வீட்டுக்காரனின் அறிவு இருந்தது. 1854 இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரம் மிஷனரிமாருக்கு எளிதில் பதில் சொல்லமுடியாத நூலாயிற்று. அதே நாவலர், 1877 இல் யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி திறந்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்; அரசாங்கம் பாராமுகமாக இருக்கிறதென்று அதையும் கண்டித்தார். இரக்கம் வேதக்காரருடைய தனிச்சொத்து என்று எண்ணும் எவரும் அந்தக் கஞ்சித்தொட்டியை நினைத்துக்கொள்வது நல்லது. உவமையிலும் இரக்கம் செய்தவன் கோயில்காரனல்லவே. ஆசாரியனும் லேவியனும் விலகிப்போன வழியில் வந்த புறத்தியான்.

இன்னொன்றும் உண்டு. வட்டுக்கோட்டைச் செமினறியின் ஆரம்ப காலத்தில், மாணவருடைய சாதி ஆசாரத்துக்கு இடங்கொடுத்துச் சமையலறையை மிஷன் வளவுக்குப் பக்கத்தில் சைவர் ஒருவருடைய காணியில் வைக்கவேண்டியிருந்தது. எல்லோரையும் ஒரு பந்தியில் இருத்த முடியாத இரக்கம். தெருவில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கலாம், ஆனால் அவனோடு இருந்து சாப்பிட முடியாது என்ற நிலைமை எங்கள் திருச்சபைகளில் வெகுகாலம் இருந்தது. அதை மிஷனரிமாருடைய தவறு என்று மட்டும் தள்ளிவிட எமக்கு மனமில்லை. சமையலறையை வெளியே வைக்கச் சொன்னவர்கள் எங்கள் முன்னோர்.

இவ்வளவையும் சொன்னபின்பும் கிறீனை நாம் மதிப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய நோயாளிகளில் மிகப்பெரும்பாலானோர் கடைசிவரை சைவர்களாகவே இருந்தார்கள். அவர் அதற்காக வருந்தியிருப்பார். அவர் உறுதியான சுவிசேஷகர், தமிழில் துண்டுப்பிரசுரங்களும் எழுதியவர். ஆனாலும் மருந்து நிற்கவில்லை. இருபது ஆண்டுகள் எதிர்பார்த்த பலன் வராத இடத்தில் ஒருவர் தொடர்ந்து வேலை செய்தால், அந்த வேலை வெறும் பலனுக்காகச் செய்யப்பட்டதல்ல என்று கொள்ளலாம்.

இனி, பெண்களாகிய எமக்கு மிகவும் நெருக்கமான பகுதி. கிறீனுடைய பிரசவ வைத்தியம் அச்சாகிவிட்டது. அதைப் படித்த தமிழ் வைத்தியர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஆண்கள். பிள்ளைப்பேற்று நோவில் கிடக்கும் பெண்ணிடம் ஆண் வைத்தியரை எந்த வீடும் எளிதில் விடாது. மருத்துவிச்சி கைவிட்டால் விதி என்று இருந்துவிடுவார்கள். நூல் இருந்தது, மருந்து இருந்தது, வைத்தியர் இருந்தார், இரக்கமும் இருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

இதே கதவு தமிழ்நாட்டிலும் மூடிக்கிடந்தது. பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடருடைய பேத்தி ஐடா ஸ்கடர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பெண், தாயின் சுகவீனம் காரணமாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு இந்து. என் தகப்பனார்தான் வைத்தியர், அவரைக் கூட்டிப்போங்கள் என்று அவர் சொன்னார். அந்நிய ஆண் வேண்டாமென்று மூவரும் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். மிஷனரி வேலையே வேண்டாமென்றிருந்த அந்தப் பெண் வைத்தியம் படித்து 1899 இல் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1902 இல் வேலூரில் வைத்தியசாலை, 1918 இல் பெண்களுக்கென்றே ஒரு வைத்தியப் பாடசாலை. இன்றைக்கு எங்கள் ஊரிலிருந்தும் "வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டினால் நல்லது" என்று சொல்கிறோமே, அந்த வேலூர் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கதவைத் தட்டியவர்கள் மேரி லீற்ச், மார்கிரட் லீற்ச் என்ற சகோதரிகள். இருவரும் வைத்தியர்களல்லர். 1880 முதல் சில ஆண்டுகள் இங்கே ஊழியம் செய்து, வீடுவீடாகப் போய்ப் பெண்களின் நிலையைக் கண்டவர்கள். திரும்பிப் போய் ஊரூராகப் பேசி, எழுதி, பணம் சேர்த்தார்கள். 1890 இல் இலங்கை அனுபவங்களை நூலாகவும் வெளியிட்டார்கள். அவர்களுடைய முயற்சியால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக எழுந்ததே மக்லியொட் வைத்தியசாலை. ஸ்கொத்லாந்திலிருந்து வந்த பெண் வைத்தியர் இசபெல்லா கேர் அங்கே பல தசாப்தங்கள் பணியாற்றினார். வலிகாமத்தில் ஒரு வீட்டிலாவது "அம்மா இணுவில் ஆஸ்பத்திரியிலைதான் பிறந்தவ" என்ற பேச்சுக் கேளாமல் இராது. இம்மலரை வாசிப்பவர்களில் எத்தனையோ பேரின் பேரத்திமார் அங்கேதான் கண் விழித்தார்கள்.

இதில் எமது பாடசாலை போன்ற பெண் பாடசாலைகளுக்கும் பங்குண்டு. உடுவிலில் 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண் எழுத்துப் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்ட ஊர் இது. அங்கே 1840 இல் வந்த எலைசா அக்னியூ, நாற்பத்து மூன்று ஆண்டுகள் சொந்த நாட்டுக்கு ஒருமுறையேனும் போகாமல் இருந்து, தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைக்குப் படிப்பித்து, 1883 இல் இங்கேயே கண்ணை மூடினார். வாசிக்கத் தெரிந்த தாய், பெண் வைத்தியரிடம் போகத் துணிந்தாள். தன் மகள் தாதியாவதற்கும், அதன்பிறகு ஒருத்தி வைத்தியராவதற்கும் சம்மதித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிடம் மட்டும் கட்டியிருந்தால் கதவு திறந்திராது.

எமது தலைமுறை இந்த வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படித்ததல்ல. நாம் பாடசாலைக்குப் போன காலம் 1990களின் யாழ்ப்பாணம். மின்சாரம் இல்லை, ஜாம்போத்தல் விளக்கில் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படித்தோம். மருந்துக்குத் தட்டுப்பாடு. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, யாருடைய அப்பு யாருடைய சைக்கிளில் ஏறிப் போனார் என்று எவரும் கேட்கவில்லை. கோயில்களிலும் தேவாலயங்களிலும் பாடசாலைகளிலும் படுத்தோம். எங்கே கஞ்சி கிடைத்ததோ அங்கே குடித்தோம்.

வைத்தியம் படிக்க வேண்டுமென்ற எண்ணம் எமக்குள் பலருக்கு வந்தது அக்காலத்தில் இங்கேயே நின்ற வைத்தியர்களையும் தாதியரையும் பார்த்துத்தான். அவர்களுக்கு முன்னர் நின்றவர்களும் இருந்தார்கள். 1987 தீபாவளித் தினத்தில், ஒக்டோபர் 21 ஆம் திகதி, யாழ். போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டபோது இறந்தவர்கள் கடமையில் இருந்த வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளர். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் மறுநாட்காலை தாதியருடன் கைகளை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தபோது சுடப்பட்டார். அந்தச் சம்பவங்களைப் பதிவுசெய்தவர்களுள் ஒருவர் வைத்தியர் ரஜனி திராணகம, சுண்டுக்குளி மகளிர் கல்லூரியின் பழைய மாணவி. இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்துவிட்டு 1986 இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து, வைத்திய பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தார். கிறீன் அங்காதிபாதம் என்று பெயர் வைத்த அதே பாடம். ஆதரவற்ற பெண்களுக்கான பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்றாலும் இரக்கத்தைத் தேவாலய மொழியில் பேசியவரல்லர். 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது முப்பத்தைந்து. எம் பிள்ளைகளில் அவருடைய பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இன்றைய நிலைக்கு வருவோம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டைவிட்டுப் போன வைத்தியர்கள் பலர். போனவர்களில் எம் சகபாடிகளும் இருக்கிறார்கள்; இம்மலரின் பிரதிகளில் பெரும்பகுதி லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும்தான் போகப்போகிறது. அவர்களைக் குறைசொல்ல நாம் இதை எழுதவில்லை. கிறீனுடைய ஆங்கில மாணவர்கள் போனதற்கு இருந்த காரணங்கள் இவர்களுக்கும் இருக்கின்றன. கிறீனுடைய தமிழ்வழிக் கல்வி அவருக்குப் பின்னர் நிலைக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அரசாங்கம் ஆங்கிலத்தில் படித்த வைத்தியரையே விரும்பியது. உலகத்து வைத்திய அறிவும் ஆங்கிலத்தில் வளர்ந்தது. தமிழில் வைத்தியம் படித்துவிட்டு இன்று எவரும் தொழில் பார்க்க முடியாது. அதற்குத் திரும்பிப் போவோம் என்று சொல்வது வெறும் பேச்சு.

ஆனால் கிறீன் பிடித்துக்கொண்ட நூலின் மறுநுனி இன்னமும் கிளினிக்கில் கிடக்கிறது. "நாரி விறைக்குது", "நெஞ்சுக்குள்ளை அந்தரமா இருக்கு", "தலை அம்முது" என்று ஆச்சி சொல்வதை நாம் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறோம். நெஞ்சு அந்தரம் என்பது இருதய நோயாகவும் இருக்கலாம், காணாமற்போன மகனாகவும் இருக்கலாம். எது என்று அறிய அந்தச் சொல்லோடு கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். வெளியே வரிசையில் நூறு பேர். தென்னிலங்கையிலிருந்து வடக்குக்கு நியமனம் பெற்று வந்து, கொப்பியில் தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிப் பாடமாக்கும் இளம் வைத்தியர்களை நாம் கண்டிருக்கிறோம். அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் சிங்கள அம்மாவின் நோவைச் சிங்களத்தில் கேட்கப் பழகிய எமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிறீனுடைய உண்மையான வாரிசுகள் இவர்கள்தான் என்று எமக்குத் தோன்றுவதுண்டு. இவர்களில் பலர் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள்.

நூற்றாண்டு நினைவாகச் சங்கம் என்ன செய்யலாம் என்று வெளிநாட்டுக் கிளைகள் கேட்டிருக்கின்றன. மண்டபத்துக்கும் வாயில் வளைவுக்கும் ஆதரவு ஏராளம் உண்டு என்று அறிகிறோம். எமது யோசனை சிறியது. நீரிழிவு நோயால் கால் இழப்பவர்கள் எங்கள் பகுதியில் அதிகம். அவர்களில் பலர் காற்புண்ணை நேரத்தோடு காட்டியிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம். காலை எப்படிப் பார்ப்பது, எந்தப் புண்ணுக்குப் பயப்படவேண்டும், எப்போது ஓடிவரவேண்டும் என்று எங்கள் ஊர்ப்பேச்சிலேயே, படத்தோடு, பெரிய எழுத்தில் பதினாறு பக்கம் போதும். எழுதித் தர வைத்தியர்களான பழைய மாணவிகள் சிலர் சம்மதித்திருக்கிறோம். அச்சுச் செலவைக் கிளைகள் ஏற்குமானால், கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கலாம். பழைய இரண வைத்தியத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும் என்றும் எண்ணியிருக்கிறோம். ஆச்சிமாருக்கு விளங்கும் சொற்கள் அதில் இன்னும் சில கிடைக்கக்கூடும்.